ஆய்விதழின் விலையை யார் கொடுப்பது?

அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்

1968ஆம் ஆண்டு, அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தின் திருவள்ளூர் வட்டாரத்தில் மிகப் பெரிய தடுப்பூசிச் சோதனை ஒன்று தொடங்கியது. காசநோயைத் தடுக்க பிசிஜி ஊசி உண்மையிலேயே உதவுகிறதா என்பதே கேள்வி. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐசிஎம்ஆர் நடத்தியது. உலக சுகாதார நிறுவனமும் அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறையும் துணை நின்றன. 1971க்குள் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் கை நீட்டி ஊசி போட்டுக்கொண்டார்கள். சிலருக்கு மருந்து, சிலருக்கு மருந்தில்லாத வெறும் ஊசி. யாருக்கு எது என்று போட்டவருக்கும் தெரியாது, போட்டுக்கொண்டவருக்கும் தெரியாது. பிறகு பதினைந்து ஆண்டுகள் அந்த ஊர்களைப் பின்தொடர்ந்து, யாருக்கு நோய் வந்தது, யாருக்கு வரவில்லை என்று கணக்கெடுத்தார்கள்.

கிடைத்த பதில் யாரும் விரும்பியதல்ல. பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை அந்த ஊசி தடுக்கவில்லை. உலகெங்கும் பிசிஜியை எதற்காகப் போடுவது, யாருக்குப் போடுவது என்ற விவாதத்தில் இன்றும் திருவள்ளூர்க்காரர்களின் கைகள் சாட்சி சொல்லிக்கொண்டிருக்கின்றன.

பதினைந்து ஆண்டு முடிவுகள் 1999இல் ‘இந்தியன் ஜர்னல் ஆஃப் மெடிக்கல் ரிசர்ச்’ இதழில் வெளியாயின. 1913இல் தொடங்கிய, ஐசிஎம்ஆரின் சொந்த இதழ் அது. அன்று ஊசி போட்டுக்கொண்டவரின் பேத்தி இன்று ஆவடியில் உட்கார்ந்து செல்போனில் தேடினால் முழுக் கட்டுரையையும் காசில்லாமல் படிக்கலாம். இதே கட்டுரை ஒரு வணிகப் பதிப்பகத்தின் சந்தா இதழில் வந்திருந்தால், முப்பது நாற்பது டாலர் கட்டச் சொல்லி ஒரு பெட்டி திரையில் எழும். தன் பாட்டி கொடுத்த உடம்பின் கணக்கைப் பார்க்க அவர் ஏறத்தாழ மூவாயிரம் ரூபாய் எடுத்துவைக்க வேண்டியிருக்கும்.

ஆய்விதழ்களின் விலையேற்றம், ‘ஓப்பன் ஆக்சஸ்’ எனப்படும் திறந்த அணுக்கம் என்றெல்லாம் பேசும்போது அது பேராசிரியர்களின் உள்விவகாரம் போலத் தோன்றும். திருவள்ளூர்ச் சோதனை அப்படியல்ல என்று காட்டுகிறது. ஆய்வுக்குப் பணம் தருபவர்கள் வரி கட்டுபவர்கள். மருத்துவ ஆய்வென்றால் உடம்பைத் தருபவர்களும் அவர்களே. முடிவைப் படிக்கும் உரிமை மட்டும் யாரிடம் இருக்கிறது என்பதே இந்த உரையின் பொருள்.

மூன்று முகவரிகள்

சென்னையின் மேற்குப் புறநகரில் ஒரே பேருந்துத் தடத்துக்குள் அடங்கும் மூன்று இடங்களை எடுத்துக்கொள்ளலாம். முதலாவது ஆவடியிலுள்ள சிவிஆர்டிஇ. அர்ஜுன் டாங்கியை வடிவமைத்த மத்திய அரசின் ஆராய்ச்சிக்கூடம். இப்படிப்பட்ட கூடங்களின் விஞ்ஞானிகள் தனியாகச் சந்தா கட்டுவதில்லை. இவற்றை நடத்தும் பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பான டிஆர்டிஓ தன் ஆய்வகங்களுக்கெல்லாம் சேர்த்து மின்னிதழ்களை வாங்கத் தொடங்கிப் பல ஆண்டுகள் ஆகின்றன. அங்கே வேலை செய்பவருக்கு இதழின் விலை கண்ணில் படுவதே இல்லை.

இரண்டாவது, ஆவடி, திருவேற்காடு, பூந்தமல்லி தொடங்கி பெங்களூர் சாலையில் தண்டலம் வரை வரிசையாக நிற்கும் சுயநிதிக் கல்லூரிகள். பொறியியல், மருத்துவம், பல் மருத்துவம், கலை அறிவியல் என்று பல்லாயிரம் மாணவர்கள் படிக்கிறார்கள். ஆய்வுப் பட்டத்துக்கு உழைப்பவர்களும் ஏராளம். இந்தக் கல்லூரிகள் ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பதிப்பகத்தோடு பேசிச் சந்தா கட்ட வேண்டும். வசதியுள்ளவை ஓரிரு பெரிய தொகுப்புகளை வாங்கும். மற்றவை டெல்நெட் போன்ற நூலகக் கூட்டமைப்பில் சேர்ந்து, வேண்டிய கட்டுரையைக் கேட்டு வாங்கிச் சமாளிக்கும். கல்லூரியைப் பார்வையிட ஆய்வுக் குழு வரும் ஆண்டில் சந்தா இருக்கும், அடுத்த ஆண்டில் இருக்காது என்ற நிலை நூலகர்களுக்குப் பழகிப்போன ஒன்று.

மூன்றாவது அம்பத்தூர் எஸ்டேட். 1960களில் அரசு அமைத்த இந்தத் தொழிற்பேட்டையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிறு, நடுத்தரப் பட்டறைகள். பற்சக்கரம் அறுப்பவர், வார்ப்பு ஊற்றுபவர், ஹீட் ட்ரீட்மென்ட் செய்பவர், முலாம் பூசுபவர். இவர்களுள் ஒருவருக்கு, எஃகின் மேற்பரப்பை நைட்ரஜனால் கடினமாக்கும்போது ஏன் சில துண்டுகள் மட்டும் வெடிக்கின்றன என்று தெரிய வேண்டியிருக்கலாம். அதைப் பற்றிய ஆய்வுகள் உலகத்தில் நிறைய உண்டு. ஆனால் அவரை உறுப்பினராகச் சேர்த்துக்கொள்ளும் நூலகம் எதுவும் இல்லை. கட்டுரைக்குக் கட்டுரை டாலரில் வாங்கலாம். வாங்கிப் பார்த்த பிறகுதான் அது தனக்கு உதவாத கட்டுரை என்று தெரியவரும்.

ஒரே கட்டுரை, மூன்று வாசகர்கள். ஒருவருக்குத் திறந்த கதவு, ஒருவருக்கு அரைக்கதவு, ஒருவருக்குப் பூட்டு. இவர்களைப் பிரிப்பது அறிவோ தேவையோ அல்ல. எந்த வளாகத்தின் இணைய முகவரியிலிருந்து தேடுகிறார்கள் என்பதுதான்.

விலை ஏறிய கதை

ஆய்விதழ்கள் பிறக்கும்போது பெரிய வணிகமாக இல்லை. 1665இல் லண்டன் ராயல் சொசைட்டியின் செயலாளர் ஹென்றி ஓல்டன்பர்க் ‘ஃபிலசாஃபிகல் டிரான்ஸாக்‌ஷன்ஸ்’ இதழைத் தொடங்கினார். அதன் பிறகு இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் இதழ் நடத்துவது பெரும்பாலும் அறிஞர் சங்கங்கள் கைக்காசு போட்டுச் செய்யும் காரியமாகவே இருந்தது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் நிலைமை மாறியது. அரசுகள் அறிவியலுக்குப் பணத்தைக் கொட்டின, கட்டுரைகள் பெருகின, சங்கங்களால் ஈடுகொடுக்க முடியவில்லை. அந்த இடைவெளியைப் பார்த்தவர் ராபர்ட் மேக்ஸ்வெல். 1951இல் பெர்காமன் பதிப்பகத்தைக் கையில் எடுத்து, புதிய துறை தோன்றும்போதெல்லாம் அதற்கொரு இதழ் தொடங்கினார். இதழ்ச் சந்தையின் ரகசியம் அவருக்குப் பிடிபட்டிருந்தது: ஓர் இதழ் இன்னோர் இதழுக்கு மாற்றாகாது. ஓர் இதழ் விலை ஏறினால் நூலகர் வேறொன்றை வாங்கி ஈடுகட்ட முடியாது, ஏனென்றால் அந்தக் கட்டுரை அங்கே மட்டுமே இருக்கிறது. 1991இல் பெர்காமனை ஆம்ஸ்டர்டாமைச் சேர்ந்த எல்சவியர் பதிப்பகம் 44 கோடி பவுண்டுக்கு வாங்கியது.

அமெரிக்க ஆராய்ச்சி நூலகச் சங்கத்தின் கணக்கின்படி, 1986 முதல் 2003 வரை பொது விலைவாசி 68 சதவீதம் ஏறியபோது ஓர் இதழின் சராசரி விலை 215 சதவீதம் ஏறியது. 2012இல் ஹார்வர்டு பல்கலைக்கழக நூலகக் குழு தன் ஆசிரியர்களுக்கே ஒரு கடிதம் எழுதியது: சில பெரிய பதிப்பகங்களின் இதழ்களுக்கு மட்டும் ஆண்டுக்கு ஏறத்தாழ 37.5 லட்சம் டாலர் ஆகிறது, சில இதழ்களின் ஆண்டுச் சந்தா 40,000 டாலர், இது தாங்காது. உலகின் பணக்காரப் பல்கலைக்கழகமே கையை விரித்த செய்தி மற்றவர்களுக்கு ஒருவகை ஆறுதலாகக்கூட இருந்தது. 2013இல் உலகில் வெளியான ஆய்வுக் கட்டுரைகளில் பாதிக்கு மேல் ஐந்தே பதிப்பக நிறுவனங்களின் கையில் இருந்ததாகக் கனடாவைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2015இல் கணக்கிட்டார்கள். எல்சவியரின் தாய் நிறுவனமான ரெல்எக்ஸ், அறிவியல் பதிப்புப் பிரிவில் 2023இல் 300 கோடி பவுண்டுக்கு மேல் வருவாய் ஈட்டியது. அதில் செயல்பாட்டு லாபம் மட்டும் 38 சதவீதம்.

இந்த லாபத்துக்குக் காரணம் சரக்கின் அடக்கவிலை. எழுதுபவருக்குப் பதிப்பகம் சம்பளம் தருவதில்லை. அவர் சம்பளம் அரசிடமிருந்தோ கல்லூரியிடமிருந்தோ வருகிறது. சக ஆய்வாளர் கட்டுரையைப் படித்துச் சரிபார்க்கிறாரே, அவருக்கும் இல்லை. 2020இல் மட்டும் இப்படி உலகெங்கும் ஆய்வாளர்கள் இலவசமாகச் செலவிட்ட நேரம் பத்துக் கோடி மணிக்கு மேல் என்று ஒரு மதிப்பீடு உண்டு.

பதிப்பகம் காசு கொடுத்துச் செய்விக்கும் வேலைகளில் முக்கியமானவை படித்திருத்தமும் டைப்செட்டிங்கும். அதில் பெரும்பங்கு நடக்கும் ஊர்களில் ஒன்று சென்னை. டிஎன்க்யூ, நியூஜென் போன்ற சென்னை நிறுவனங்கள் பல ஆண்டுகளாக உலகப் பதிப்பகங்களின் இதழ்ப் பக்கங்களை அமைத்துத் தருகின்றன. சமன்பாடுகளைச் சரிசெய்து, படங்களை நிறுத்தி, மேற்கோள்களை ஒழுங்குபடுத்தி, எழுதியவருக்கு ப்ரூஃப் அனுப்புவது வரை இங்கேயே முடிந்துவிடும். ஆவடி ஆசிரியர் எழுதிய கட்டுரை ஆம்ஸ்டர்டாமுக்குப் போகிறது, சென்னைக்கு வந்து பக்கமாகிறது, மறுபடி ஆம்ஸ்டர்டாமுக்குப் போய் விலைச்சீட்டு ஒட்டிக்கொண்டு ஆவடிக்குத் திரும்புகிறது. எழுதியதும் இங்கே, அச்சுக் கோத்ததும் இங்கே. இங்கே இல்லாதது உரிமை மட்டும்தான்.

1949இல் நடந்த ஒரு கொள்முதல்

உரிமையை என்ன செய்வது என்ற கேள்விக்குத் தமிழ்நாடு ஏற்கெனவே ஒரு பதில் கண்டிருக்கிறது.

சுப்பிரமணிய பாரதி 1921இல் மறைந்தார். அடுத்த கால் நூற்றாண்டில் அவருடைய பாடல்களின் உரிமை கைமாறியது. இசைத்தட்டு, வானொலி, திரைப்பட உரிமை ஏவி. மெய்யப்பச் செட்டியாரிடம் வந்து சேர்ந்தது. நாடு விடுதலை பெறும் வேளையில், விடுதலையைப் பாடிய கவிஞனின் பாட்டைப் படத்தில் பாடுவதற்கு ஒருவரிடம் அனுமதி கேட்க வேண்டியிருந்தது. எதிர்ப்பு எழுந்தது, எழுத்தாளர்களும் நாடகக்காரர்களும் கிளர்ந்தார்கள். 1949இல் சென்னை மாகாண அரசு அந்த உரிமைகளைப் பெற்றது. பின்னர் அவை பொதுமக்களுக்கே விடப்பட்டன. ஓர் எழுத்தாளரின் படைப்புரிமையை அரசு எடுத்து மக்கள் சொத்தாக்குவது உலகில் அபூர்வம். இங்கே அதுவே வழக்கமாகிவிட்டது. தமிழ் வளர்ச்சித் துறை இதுவரை நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட எழுத்தாளர்களின் நூல்களை நாட்டுடைமையாக்கி, மரபுரிமையாளர்களுக்குப் பரிவுத்தொகை வழங்கியிருக்கிறது. அந்த நூல்களில் பலவற்றைத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் யாரும் இறக்கிக்கொள்ளலாம்.

இதில் கவனிக்க வேண்டியது பணம் எப்படிக் கொடுக்கப்பட்டது என்பது. ஒருமுறை கொடுத்தார்கள், முடிந்தது. ஆண்டுதோறும் பாரதிக்குச் சந்தா கட்டவில்லை. கிரயம் செய்து வாங்கிய வீட்டுக்கும் வாடகை வீட்டுக்கும் உள்ள வித்தியாசம் இது. ஆய்விதழ்களில் இந்தியா இன்று இருப்பது வாடகை வீட்டில்.

6,000 கோடி ரூபாய்

2024 நவம்பர் 25 அன்று மத்திய அமைச்சரவை ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. 2025, 2026, 2027 ஆகிய மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய். 30 பதிப்பகங்கள், ஏறத்தாழ 13,000 இதழ்கள். மத்திய, மாநில அரசுகளின் உயர்கல்வி நிறுவனங்களும் மத்திய அரசின் ஆராய்ச்சி நிறுவனங்களுமாக 6,300க்கும் மேற்பட்டவை பயன்பெறும். மாணவர், ஆசிரியர், ஆய்வாளர் என்று ஒரு கோடியே எண்பது லட்சம் பேர். காந்திநகரிலுள்ள இன்ஃப்ளிப்நெட் மையம் ஒருங்கிணைக்கிறது.

இது சிறிய காரியம் அல்ல. முன்பு ஐஐடிகளும் மத்தியப் பல்கலைக்கழகங்களும் மட்டும் கண்ட இதழ்கள் இன்று ஒரு மாவட்டத் தலைநகரின் அரசுக் கலைக் கல்லூரியிலும் திறக்கின்றன. பத்து வெவ்வேறு கூட்டமைப்புகள் ஒரே பதிப்பகத்துக்குத் தனித்தனியே பணம் கட்டிய வீண் செலவும் குறைகிறது. இந்தத் திட்டத்தைக் குறைகூறுபவர்களும் இதை ஒத்துக்கொள்ள வேண்டும்.

ஆனால் நம் மூன்று முகவரிகளுக்குத் திரும்பினால், ஆவடி ஆராய்ச்சிக்கூடத்துக்கு ஏற்கெனவே இருந்த கதவு கொஞ்சம் அகலமாகிறது. சுயநிதிக் கல்லூரிகள் இந்த முதல் கட்டத்தில் இல்லை. அம்பத்தூர்ப் பட்டறைக்காரர் கணக்கிலேயே இல்லை. ஐந்தாவது அறிவியல் தொழில்நுட்பக் கொள்கையின் வரைவு இந்தத் திட்டத்தை முன்வைத்தபோது, இந்தியாவிலுள்ள ஒவ்வொருவருக்கும் இதழ்கள் திறக்கும் என்றுதான் பேச்சு இருந்தது. வரைவிலிருந்து ஒப்பந்தத்துக்கு வந்தபோது அந்த ‘ஒவ்வொருவர்’ உதிர்ந்துபோனார்.

இன்னொன்று, 2027 டிசம்பரில் ஒப்பந்தம் முடியும். 2028 ஜனவரியில் மறுபடி பேசி, மறுபடி கட்ட வேண்டும். அதற்குள் 6,300 நிறுவனங்களுக்கும் இந்த இதழ்கள் பழகிப்போயிருக்கும். பழகியதை நிறுத்த எந்த அரசுக்கும் மனம் வராது என்பது எதிரே உட்கார்ந்து பேசுபவருக்கும் தெரியும்.

கதவு மூடியிருக்கும்போது ஆட்கள் என்ன செய்கிறார்கள் என்பது ஊரறிந்த விஷயம். 2011இல் கஜகஸ்தானைச் சேர்ந்த அலெக்சாண்ட்ரா எல்பாக்கியன் தொடங்கிய, பூட்டிய கட்டுரைகளை அனுமதியின்றி இலவசமாகத் தரும் சை-ஹப் தளத்திலிருந்து, 2015 செப்டம்பர் முதல் 2016 பிப்ரவரி வரையிலான ஆறு மாதங்களில் இந்தியாவிலிருந்து 34 லட்சம் கட்டுரைகள் இறக்கப்பட்டதாக ‘சயின்ஸ்’ இதழ் கணக்கிட்டது. 2020 டிசம்பரில் எல்சவியர், வைலி, அமெரிக்க வேதியியல் சங்கம் ஆகிய மூன்றும் டெல்லி உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தன. 2025 ஆகஸ்டில் அந்தத் தளத்தை முடக்க நீதிமன்றம் உத்தரவிட்டது. அதே நீதிமன்றம்தான் 2016இல், டெல்லிப் பல்கலைக்கழக வளாகத்து ஜெராக்ஸ் கடை ஒன்று பாடத்துக்கு வேண்டிய பகுதிகளைப் பிரதியெடுத்துக் கொடுத்தது படைப்புரிமை மீறல் அல்ல என்று, ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் பதிப்பகங்கள் தொடுத்த வழக்கில் தீர்ப்பளித்தது. வகுப்பறைக்குச் சட்டம் இடம் கொடுத்திருக்கிறது. வகுப்பறைக்கு வெளியே இருப்பவருக்கு அந்த இடமும் இல்லை.

படிப்பவரிடமிருந்து எழுதுபவரிடம்

2002 பிப்ரவரியில் புடாபெஸ்ட் பிரகடனம் திறந்த அணுக்கத்துக்கு இரண்டு வழிகளைச் சொன்னது. ஒன்று, எழுதியவரே தன் கட்டுரையின் பிரதியைப் பொதுக் களஞ்சியத்தில் வைப்பது. மற்றொன்று, வாசகரிடம் காசு வாங்காத இதழ்களைத் தொடங்குவது. பதிப்பகங்கள் இரண்டாவதைப் பிடித்துக்கொண்டு அதற்கொரு புதிய கல்லாப்பெட்டி வைத்தன: வாசகரிடம் வாங்காத காசை எழுதுபவரிடம் வாங்கினார்கள். ஏபிசி என்று சுருக்கமாகச் சொல்லப்படும் கட்டுரைக் கட்டணம் அது. ‘நேச்சர்’ இதழ் 2021இல் கட்டுரையைத் திறந்து வைக்க 9,500 யூரோ கேட்டது. அன்றைய மதிப்பில் எட்டு லட்சம் ரூபாய்க்கு மேல். சுயநிதிக் கல்லூரியின் உதவிப் பேராசிரியர் ஒருவருக்கு அது ஆண்டுச் சம்பளத்தையும் தாண்டும் தொகை.

பெரிய இதழுக்கு வழியில்லாதவர்களைத் தேடிச் சின்னக் கடைகள் வந்தன. 2010இல் பல்கலைக்கழக மானியக் குழு ஆசிரியர்களின் பதவி உயர்வுக்குப் புள்ளிக் கணக்கு கொண்டுவந்தது. ஆய்வுப் பட்டத்துக்கும் கட்டுரை கட்டாயமாயிற்று. ஐந்தாயிரம், பத்தாயிரம் வாங்கிக்கொண்டு மூன்றே நாளில் கட்டுரை வெளியிடும் போலி இதழ்கள் முளைத்தன. மானியக் குழுவே ஓர் அங்கீகாரப் பட்டியல் போட்டது. அதற்குள்ளும் அவை நுழைந்தன. புனேயைச் சேர்ந்த பூஷண் பட்வர்தனும் சகாக்களும் 2018இல் ‘கரன்ட் சயின்ஸ்’ இதழில் எழுதிய ஆய்வின்படி, பல்கலைக்கழகங்கள் பரிந்துரைத்துப் பட்டியலில் சேர்ந்தவற்றுள் அவர்கள் பரிசோதித்த ஆயிரத்துச் சொச்சம் இதழ்களில் 88 சதவீதம் தேறவில்லை. அதே ஆண்டு மே மாதம் மானியக் குழு 4,305 இதழ்களை ஒரேயடியாக நீக்கியது. ஹைதராபாத்தின் ஓமிக்ஸ் நிறுவனம் ஏமாற்று வணிகம் செய்ததாக அமெரிக்க நீதிமன்றம் 2019இல் ஐந்து கோடி டாலருக்கு மேல் அபராதம் விதித்தது. 2022இல் ஆய்வுப் பட்டத்துக்குக் கட்டுரை கட்டாயம் என்ற விதி தளர்த்தப்பட்டது. அதற்குள் பழக்கம் வேரூன்றிவிட்டது.

நாட்டுடைமையிலும் இதன் சாயலைப் பார்க்கலாம். உரிமை பொதுவானதும் நல்ல பதிப்புகளோடு பிழை மலிந்த பதிப்புகளும் சந்தைக்கு வந்தன. திறந்து வைப்பது தரத்துக்கு உத்தரவாதம் அல்ல. தரத்தைப் பார்த்துக்கொள்ள ஆசிரியர் குழு என்ற ஒன்று தனியே வேண்டும்.

இன்று புறநகர்க் கல்லூரிகளின் ஆசிரியர் அறையில் புழங்கும் கேள்வி, “இந்த வருஷம் எத்தனை ஸ்கோபஸ்?” என்பது. கட்டுரை என்ன சொல்கிறது என்று யாரும் கேட்பதில்லை. ஸ்கோபஸ் எந்தெந்த இதழ்களைக் கணக்கில் எடுத்துக்கொள்வது என்று முடிவு செய்யும் தரவுத்தளம். தேசியத் தரவரிசையான என்ஐஆர்எஃப் அதிலிருந்தும் எண்களை எடுக்கிறது. 2004இல் ஸ்கோபஸைத் தொடங்கி இன்றும் நடத்துவது எல்சவியர். கடையும் எடைக்கல்லும் ஒரே முதலாளியுடையவை.

சென்னையிலேயே கிடந்த வழி

புடாபெஸ்ட் சொன்ன முதல் வழி, களஞ்சியத்தில் வைப்பது, ஏறக்குறைய செலவில்லாதது. இயற்பியலாளர்கள் இதைப் புடாபெஸ்டுக்கு முன்பே செய்துகொண்டிருந்தார்கள். 1991இல் பால் கின்ஸ்பார்க் லாஸ் அலமோஸில் தொடங்கிய ஆர்கைவ் களஞ்சியத்தில் கட்டுரையை வைத்துவிட்டுத்தான் இதழுக்கே அனுப்புவார்கள். இணையம் மெதுவாக இருந்த காலத்தில் அதன் இந்தியப் பிரதி தரமணியிலுள்ள கணித அறிவியல் நிறுவனத்தின் கணினியில் இருந்தது. அதே தரமணியில், எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தில், 2004 மே மாதம் களஞ்சியம் அமைக்கும் பயிற்சிப் பட்டறைகள் நடந்தன. பின்னணியில் இருந்தவர் சுப்பையா அருணாசலம். திறந்த அணுக்கத்துக்காக இந்தியாவில் நெடுங்காலம் வாதாடிய சென்னைத் தகவல் அறிவியலாளர்.

2017இல் அருணாசலம், முத்து மாடன் உள்ளிட்டோர் ‘கரன்ட் சயின்ஸ்’ இதழில் ஒரு கணக்கை வெளியிட்டார்கள். 2010 முதல் 2014 வரை இந்தியர்கள் 37,000க்கும் அதிகமான கட்டுரைகளைத் திறந்த இதழ்களில் வெளியிட்டிருந்தார்கள். கட்டுரைக் கட்டணமாக நாடு ஆண்டுக்குச் சுமார் 24 லட்சம் டாலர் செலவழித்திருக்கலாம் என்பது அவர்களது மதிப்பீடு. இந்தியாவின் முன்னணி இதழ்களில் பெரும்பாலானவை வாசகரிடமும் வாங்குவதில்லை, எழுதுபவரிடமும் வாங்குவதில்லை என்பதையும் சுட்டினார்கள். இருப்பதைப் பயன்படுத்தாமல் கட்டணம் கட்டுவானேன் என்பது அவர்கள் வாதம்.

களஞ்சியத்துக்கான வாதம் டெல்லியை எட்டாமல் இல்லை. 2014 டிசம்பரிலேயே உயிரித்தொழில்நுட்பத் துறையும் அறிவியல் தொழில்நுட்பத் துறையும் ஒரு கொள்கை வெளியிட்டிருந்தன: தங்கள் நிதியில் நடந்த ஆய்வின் கட்டுரை, இதழ் ஏற்றுக்கொண்ட இரண்டு வாரத்துக்குள் களஞ்சியத்தில் வைக்கப்பட வேண்டும். 2018இல் ஐரோப்பிய நிதி நிறுவனங்கள், தங்கள் நிதியில் நடந்த ஆய்வுகளின் கட்டுரைகள் திறந்திருக்க வேண்டும் என்று கோரும் ‘பிளான் எஸ்’ திட்டத்தை அறிவித்தபோது இந்தியாவும் சேரும் என்று அன்றைய முதன்மை அறிவியல் ஆலோசகர் கே. விஜயராகவன் 2019 தொடக்கத்தில் சொன்னார். அந்த ஆண்டு முடிவதற்குள் இந்தியா விலகி, தேசியச் சந்தாப் பாதைக்குத் திரும்பியது. 2014 கொள்கை காகிதத்தில் இருக்கிறது. களஞ்சியத்தில் வைக்காதவருக்கு எந்த நஷ்டமும் இல்லை என்பதால் பெரும்பாலோர் வைப்பதில்லை.

கட்டாயம் இருந்தால் வைப்பார்கள் என்பதற்குச் சான்றும் இங்கேயே உண்டு. ஆய்வேடு சமர்ப்பிப்பவர் மின்பிரதியும் தர வேண்டும் என்று 2009இல் மானியக் குழு விதி கொண்டுவந்தது. இன்ஃப்ளிப்நெட்டின் ‘சோத்கங்கா’ களஞ்சியத்தில் இன்று லட்சக்கணக்கான ஆய்வேடுகள். அம்பத்தூர்ப் பட்டறைக்காரர் நைட்ரஜன் விவகாரத்தைக் காசில்லாமல் படிக்க இப்போதைக்கு அவருக்கிருக்கும் நல்ல வாய்ப்புகளில் ஒன்று, தமிழ்நாட்டு ஆய்வு மாணவர் யாரோ எழுதிய ஆய்வேடு. அதே மாணவர் அதிலிருந்து எடுத்து இதழுக்குக் கொடுத்த கட்டுரை பூட்டுக்குள் இருக்கலாம்.

2027க்குள்

வாடகையைக் கிரயமாக்குவதற்கான வழிகள் உலகில் சோதித்துப் பார்க்கப்பட்டுவிட்டன. ‘ஆனுவல் ரிவ்யூஸ்’ என்ற லாபநோக்கற்ற பதிப்பகம் 2020இல் ஒரு முறையைத் தொடங்கியது: நூலகங்கள் வழக்கம்போலச் சந்தா கட்டினால், அந்த ஆண்டின் தொகுதி உலகம் முழுமைக்கும் திறக்கப்படும். ஒருமுறை திறந்த தொகுதி திறந்தேயிருக்கும். 2023இல் தன் 51 இதழ்களையும் அந்த முறைக்குக் கொண்டுவரப்போவதாக அறிவித்தது. துகள் இயற்பியல் இதழ்களுக்கு ஜெனீவாவின் சேர்ன் ஆய்வகம் 2014 முதல் இதே பாணியில், நூலகங்களின் சந்தாப் பணத்தை ஒன்றுதிரட்டி இதழ்களைத் திறக்கச் செய்கிறது. ஆண்டுக்கு 2,000 கோடி ரூபாய் கட்டும் ஒரு நாடு இப்படிக் கேட்கலாம். குறைந்தபட்சம் இந்தியர்கள் எழுதிய கட்டுரைகளாவது கூடுதல் கட்டணம் இல்லாமல் திறக்கப்பட வேண்டும் என்று நிபந்தனை வைக்கலாம். இந்தத் திட்டத்தில் கட்டுரைக் கட்டணத்துக்கென்று ஆண்டுக்கு 150 கோடி ரூபாய் தனியே ஒதுக்கப்பட்டிருக்கிறது. ஒரே பதிப்பகம் வாசிப்பதற்கும் எழுதுவதற்கும் இரண்டு முறை வாங்கிக்கொள்ள அது வழிவிடக் கூடாது.

மாநில அளவில் டெல்லிக்காகக் காத்திருக்கத் தேவையில்லாத காரியங்களும் உண்டு. பெல்ஜியத்தின் லியேஜ் பல்கலைக்கழகத்தில் 2007இல் அன்றைய துணைவேந்தர் பெர்னார் ராந்தியே ஒரு விதி கொண்டுவந்தார்: பதவி உயர்வுக்கு, பல்கலைக்கழகக் களஞ்சியத்தில் வைக்கப்பட்டுள்ள கட்டுரைகள் மட்டுமே கணக்கில் எடுத்துக்கொள்ளப்படும். ஆசிரியர்கள் தாங்களாகவே வைக்கத் தொடங்கினார்கள். தமிழ்நாட்டு மாநிலப் பல்கலைக்கழகங்கள் பதவி உயர்வுக்கும், தங்களோடு இணைந்த கல்லூரிகளில் ஆய்வு வழிகாட்டி அங்கீகாரத்துக்கும் இதே விதியை வைத்தால், ஆவடி, பூந்தமல்லிச் சுயநிதிக் கல்லூரிகளின் கட்டுரைகளும் அதற்குள் வந்துவிடும். எத்தனை ஸ்கோபஸ் என்ற கேள்விக்குப் பக்கத்தில், கட்டுரை எங்கே திறந்திருக்கிறது என்ற கேள்வியும் படிவத்தில் இடம்பெறும்.

மீதமிருப்பவர் எந்த வளாகத்துக்கும் உறுப்பினராக இல்லாத வாசகர். பல நாடுகளில் பல்கலைக்கழக நூலகத்துக்கு நேரில் வரும் பொதுமக்கள் அங்குள்ள கணினியில் இதழ்களைப் படிக்கச் சந்தா ஒப்பந்தமே அனுமதிக்கிறது. இந்திய ஒப்பந்தத்திலும் அடுத்த சுற்றில் அந்த வரி சேர வேண்டும். பொது நூலகத் துறையின் மாவட்ட மைய நூலகங்களும் அதில் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட வேண்டும். சென்னை மாகாணப் பொது நூலகச் சட்டம் 1948இல் வந்தது. அதன் பின்னால் இருந்த சீர்காழி எஸ். ஆர். ரங்கநாதன் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகர். அந்தச் சட்டத்தின்படி சொத்து வரியோடு நூலக வரியை அம்பத்தூர்ப் பட்டறைக்காரர் இன்றும் கட்டிவருகிறார். மாவட்ட நூலகத்தில் ஒரு கணினியில் எஃகு பற்றிய இதழ்களைத் திறந்து வைக்கக் கேட்பதற்கு அந்த வரி ரசீது அவருக்குப் போதுமான ஆதாரம்.